குளிகையில் ஒரு ஓட்டு

செப்டம்பர் 8, ஞாயிறு

அறுபது வயதைக் கடந்த பெண் வாக்காளர்களைத் தொலைபேசியில் இனி ‘ஆன்ட்டி’ என்று அழைப்பதில்லை, ‘அம்மா’ என்றே அழைப்பது என்று இன்று ஏகமனதாக முடிவெடுக்கப்பட்டது. நியூ ஜெர்சி, டெக்சாஸ், சான்டா கிளாரா ஆகிய இடங்களின் தமிழ்த் தன்னார்வலர்கள் ஜூமில் கூடி, குடியரசின் எதிர்காலம் கருதி, மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து இதை விவாதித்தோம். டெக்சாஸிலிருந்து செழியன், ‘அம்மா’ என்ற சொல்லுக்கு ஊரில் வேறோர் அரசியல் வாடை உண்டு என்று ஆட்சேபம் எழுப்பினார். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. ஆண்களை ‘அங்கிள்’ என்பதா ‘ஐயா’ என்பதா என்ற கேள்வி துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. துணைக்குழுவில் யாரும் இல்லை.

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் சேனாபதிதான் ஒருங்கிணைப்பாளர். “இந்த ஒரு மாற்றம் பென்சில்வேனியாவையே திருப்பும், மேடம்” என்றார். அவர் மென்பொருள் விற்கிறவர்.

நியூ ஜெர்சியின் முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும். எனவே கட்சி எங்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம், எப்படியும் சாயக்கூடிய பென்சில்வேனியாவுக்கு, போன் பேச வைத்திருக்கிறது. இந்த நாட்குறிப்பில் அதிபர் வேட்பாளர்கள் பெயரை எழுதப்போவதில்லை. நம்மவர், எதிராளி. போதும். நம்மவர் வெல்ல வேண்டும். இதில் எனக்கு நடுநிலை கிடையாது. நடுநிலை என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் பொறுமையும் கிடையாது.

செப்டம்பர் 11, புதன்

புதிய கருத்துக்கணிப்பு. பென்சில்வேனியாவில் நம்மவர் 48, எதிராளி 47. பிழை வரம்பு மூன்றரை.

மருந்து நிறுவனத்தில் புள்ளியியல் பார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக. ஒரு மருந்து இந்த அளவுக்கு வித்தியாசம் காட்டியிருந்தால், பலன் ஏதும் இல்லை என்று கையெழுத்திட்டு அனுப்பியிருப்பேன். வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்னொரு கணிப்பு. நம்மவர் 46, எதிராளி 48. மாதிரியின் அளவு போதாது. கேள்விகளை அடுக்கிய விதமும் சரியில்லை. நடத்தியது யார் என்று விசாரிக்க வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

முதல் நாள் அழைப்புகள். கட்சியின் மென்பொருள் கடைசிப் பெயரை வைத்து மனிதர்களை இனம் பிரிக்கிறது. தமிழருக்குக் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. என் அப்பா பாளையங்கோட்டை தாம்சன் வாத்தியார். அதனால் ஸ்காட்லாந்து வம்சாவளியினருக்கான கட்சி மடல் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. அப்படிப்பட்ட மென்பொருள் தேடிக் கொடுத்த தமிழர் பட்டியலில் பாதிப் பேர் தெலுங்கர். மீதியில் போனை எடுத்தவர் ஒரே ஒருவர்.

ஜலஜா. வயது எழுபத்தொன்று. பென்சில்வேனியாவில் லாங்ஹார்ன்.

“அம்மா, வணக்கம். நான் ஜெயலீலா, நியூ ஜெர்சிலேர்ந்து பேசறேன். தேர்தல் விஷயமா—”

“அம்மான்னா கூப்ட்டே?”

“ஆமாம்மா.”

“இங்க எல்லாரும் ஆன்ட்டிங்கறாங்க. நேத்து கோயில்ல என்னையவிடக் கெழவி ஒருத்தி ஆன்ட்டிங்கறா. சொல்லு கண்ணு. நீ எந்தூரு?”

பாளையங்கோட்டை என்றேன். அவர் கோயமுத்தூர், பீளமேடு. அங்கே என் சித்தி ஒருத்தி டீச்சராக இருந்தாள் என்றதும் எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெரு, இப்போது அவள் சர்க்கரைக்கு என்ன மாத்திரை எடுக்கிறாள் என்று பேச்சு வளர்ந்தது. கட்சி கொடுத்த படிவத்தில் ஐந்து கேள்விகள். இரண்டாவது கேள்வி: எப்படி வாக்களிப்பதாகத் திட்டம்?

“ஓட்டுங்களா? அதை என்ற பையன் க்ரிஷ் போட்டுருவான்.”

“உங்க ஓட்டும்மா.”

“அதான் கண்ணு. என்ற ஓட்டு, மருமக ஓட்டு, அவன் ஓட்டு. மூணும் தபால்ல வரும். டைனிங் டேபிள்ல உக்காந்து ஒரே மூச்சுல ரொப்பிருவான். உறை மேல நான் கையெழுத்துப் போட்டாப் போதும். சிட்டிசன் ஆனதுலருந்து அப்படித்தான்.”

இதைச் சொன்னவர் மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணிக்கு இவரைத்தான் போடுவார்களாம். “அடுத்தவங்க வெரலுக்கு மை வெச்சே என்ற கை கறுத்துப்போச்சு. இங்க வந்து பூத்து எப்படி இருக்கும்னு கண்ணுல பாக்கலை.”

என்ன மனிதன் இந்த க்ரிஷ்! பெற்ற தாயின் வாக்கை டைனிங் டேபிளில் உட்கார்ந்து தானே போடுகிறவன் எந்தக் கட்சியாக இருப்பான் என்று கண்டுபிடிக்கக் கருத்துக்கணிப்பு தேவையில்லை. அதை நான் விடப்போவதில்லை. அந்த வாக்கு அந்த அம்மாளுடையது. ஆகவே நம்முடையது.

செப்டம்பர் 16, திங்கள்

கிருபைராஜிடம் சொன்னேன். என் கணவர் நம்மவர் பக்கம்தான். ஆனால் சோபாவில் சாய்ந்தபடி ஆதரிக்கிற வகை.

“ஒத்தை ஓட்டுக்கு லாங்ஹார்ன் வரைக்கும் போப்போறியா லீலா? காருக்குப் பெட்ரோல் யாரு போடுவா?”

“ஜனநாயகம்.”

“அப்போ என் கிரெடிட் கார்டைத் தொடாதே” என்றார்.

அக்டோபர் 2, புதன்

ஜலஜா அம்மாவே அழைத்தார். இப்போது வாரம் இரண்டு முறை பேசுகிறோம். அரசியல் பேச நேரம் கிடைப்பதில்லை.

தபாலில் வாக்குச்சீட்டு வந்துவிட்டாலும் நேரில் போய் வாக்களிக்க முடியுமா என்று கேட்டார். விசாரித்து வைத்திருந்தேன். முடியும். வந்த சீட்டையும் திருப்பி அனுப்பும் உறையையும் சாவடிக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் அதைச் செல்லாததாக்கிவிட்டுப் புதுச் சீட்டு தருவார்கள். ஆனால் மகன் அதை நிரப்பி அனுப்பிவிட்டால் முடிந்தது.

“கையெழுத்து மட்டும் போட்டுறாதீங்கம்மா. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“நீ வருவியா? அவ்வளவு தூரத்துலருந்தா?”

“வருவேன்.”

“சிட்டிசன் பரீட்சைக்கு நூறு கேள்வி. க்ரிஷ்தான் தெனமும் உக்கார வெச்சுக் கேப்பான். குடிமக்களுக்கு மட்டும் உள்ள உரிமை எது? நான் சொல்லோணும், ஓட்டுப் போடறது. ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல கண்ணு” என்றார்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. ஜலஜா அம்மா சுண்டலுக்குக் கூப்பிட்டிருந்தார். டெலவேர் ஆற்றைத் தாண்டிப் போனேன். வழியெல்லாம் புல்வெளிகளில் பலகைகள். நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டு போனேன். எதிராளியின் பலகை பெரியதாக இருந்தால் மட்டும் கணக்கில் ஒன்று, நம்முடையது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒன்று.

க்ரிஷ் வீட்டு வாசலில் நம்மவர் பலகை.

முதலில் வீடு மாறிவிட்டதோ என்று நினைத்தேன். கதவைத் திறந்த மனிதர் நம்மவர் பெயர் போட்ட பனியனில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். என்னை உள்ளே அழைத்து உட்கார வைக்கும் முன்பே நேற்றைய கணிப்பைச் சொன்னார். நம்மவருக்கு நன்கொடை அனுப்புகிறார். வார இறுதிகளில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறார். அவர் மனைவி ரோஷினியும்.

“நம்ம வீட்ல மூணு ஓட்டு ராக் சாலிட் அக்கா. ஒருத்தர்கூட மிஸ் ஆகாது” என்றார் க்ரிஷ்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஒரு மாதமாக மனதில் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவும் தோன்றியது. அதற்குள் ஜலஜா அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்தார். வெள்ளைச் சேலை, காதில் சின்னத் தோடு, நான் நினைத்ததைவிடக் குள்ளம். கிண்ணத்தில் சுண்டலைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“பாத்தியா? அவன் ஆளு போர்டை. நான் அவருக்குப் போட மாட்டேன் கண்ணு. இன்னொருத்தருக்குத்தான் போடப்போறேன்.”

“எதிரா— அவருக்கா?”

“அவருக்குத்தான். நீ வர்றேன்னு சொன்னதுலருந்து எனக்கு என்ன தெம்பு தெரியுமா!”

வாக்காளர் யாருக்கு வாக்களிப்பார் என்பது படிவத்தில் மூன்றாவது கேள்வி. எந்த ஊர், எந்தத் தெரு, சித்திக்கு என்ன மாத்திரை என்று போனதில் நான் இரண்டாவதைத் தாண்டவே இல்லை.

கொண்டைக்கடலைச் சுண்டல். தேங்காய் தாராளம்.

அக்டோபர் 13, ஞாயிறு

சுண்டல் செரிக்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

சேனாபதியிடம் சொன்னேன். அவர் அரை நிமிடம் பேசவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும்.

“மேடம், நாம என்ன இலவச டாக்ஸியா? நம்ம ஓட்டைக் கொண்டு வர்றதுதான் நம்ம வேலை. அவங்க ஓட்டைக் கொண்டு வர அவங்ககிட்ட ஆள் இருக்கு.”

“அவங்க கூப்பிடலையே. நான்தானே கூப்பிட்டேன்.”

“சரி. அன்னைக்குன்னு பாத்து காரு ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லிடுங்க. சிம்பிள். பையன் ரொப்பிடுவாரு, மூணு ஓட்டும் நமக்கு. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. ஜனநாயகத்துக்காக ஒரு சின்னப் பொய்.”

நம் பக்கத்தில் இப்படி ஒருவர் பேசுவார் என்று யாராவது போன மாதம் சொல்லியிருந்தால், எதிராளி பரப்பும் அவதூறு என்று பதில் எழுதியிருப்பேன். அதைவிட மோசம் இன்னொன்று. அவர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நிமிடம் போல.

என்ன பண்ணப்போறே லீலா? ஒரே ஒரு ஓட்டு. அதுவும் எதிராளிக்கு. நீயே கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போய்ப் போட வைக்கணுமா? உனக்கென்ன பைத்தியமா?

அக்டோபர் 17, வியாழன்

போகிறேன். கார் ஸ்டார்ட் ஆகிறது. இன்று காலை பார்த்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

கணிப்பு: 47–47. இந்தச் சமநிலையை விளக்க ஒரு தொலைக்காட்சியில் ஆறு நிபுணர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஆறு பேருக்கும் ஒன்றும் தெரியாது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. முடியும் வரை பார்த்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

க்ரிஷிடமிருந்து அழைப்பு. நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. உதவி கேட்கிறார்.

“அக்கா, சீட்டு வந்து ஒரு வாரம் ஆச்சு. அம்மா சைன் பண்ண மாட்டேங்கறாங்க. கேட்டா இன்னைக்கு அஷ்டமிங்கறாங்க. நாளைக்கு நவமியாம். அடுத்த வாரம் கரிநாள், அமாவாசைன்னு லிஸ்ட் போகுது. ஐசலின் கடையில ஃப்ரீயா குடுத்த காலண்டரைக் கிச்சன்ல மாட்டி வெச்சிருக்காங்க, அதைத்தான் பாக்கறாங்க. அது இந்தியா டைமா, இந்த ஊரு டைமான்னு கேட்டேன். ரெண்டுலயும் நல்லால்லைங்கறாங்க! நீங்க சொன்னாக் கேப்பாங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்.”

“நான் கிறிஸ்டியன் க்ரிஷ். அஷ்டமி நவமியில நான் தலையிடறது நல்லா இருக்காது” என்றேன்.

இது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. மாலையில் ஜலஜா அம்மா அழைத்துச் சிரித்தார். “என்ன பண்றது கண்ணு? முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பான். அஷ்டமின்னா கேக்க மாட்டான். அவன் படிச்சவன்.”

அக்டோபர் 27, ஞாயிறு

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் முன்கூட்டியே வாக்களித்தேன். நம்மவருக்கு. என்னை யாரும் அழைத்துப்போகவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. உள்ளே போய் வெளியே வர பாஸ்தா வேகிற நேரம். இவ்வளவு லேசான காரியம் என்று இதுவரை கவனித்ததில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அலுவலகத்தில் லட்டு. அதன் பக்கத்தில் ஹாலோவீன் மிட்டாய். கணிப்பு 48–48. லட்டு நன்றாக இல்லை.

நவம்பர் 1, வெள்ளி

க்ரிஷுக்குத் தெரிந்துவிட்டது. தபாலில் அனுப்ப இனி நேரமில்லை, திங்கட்கிழமை நானே தேர்தல் அலுவலகப் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன் என்று அவர் பேனாவை எடுக்க, அம்மா சீட்டின் மேல் கையை வைத்துவிட்டாராம். செவ்வாய்க்கிழமை ஜெயலீலா வருவாள், நான் பூத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். மதியம் அலுவலகக் கார் நிறுத்தத்தில் நின்று அவரோடு போனில் பேசினேன்.

“நீங்க எந்த சைடுக்கா?”

“உங்க சைடுதான்.”

“அம்மா யாருக்குப் போடப்போறாங்கன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா? அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. டிவி முன்னாடி உக்காந்து அந்த ஆளோட பேச்சு ஒண்ணுவிடாமப் பாக்கறாங்க. எல்லாத்தையும் நம்பறாங்க.”

“நீங்க பாத்திருக்கீங்களா, முழுசா ஒரு பேச்சு?”

“நான் எதுக்குப் பாக்கணும்?”

நானும் பார்த்ததில்லை. அதைச் சொல்லவில்லை.

பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. “அக்கா, உங்களுக்கு இது ஒரு கொள்கை. நீங்க ஜெர்சி, உங்க ஓட்டால எதுவும் மாறாது. நான் இங்க இருக்கேன். என் பொண்ணு வெண்பாவுக்கு ஒம்பது வயசு. அவ இந்த ஊர்லதான் வளரணும். அம்மாவோட ஓட்டை வெச்சு நான் எனக்கா ஏதாவது வாங்கிக்கறேன்? அவளுக்காகத்தானே போடறேன்?”

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. நம் ஆள். நான் நம்புகிற எல்லாவற்றையும் நம்புகிறவர். எதற்காக நம்மவர் வெல்ல வேண்டும் என்று யாராவது கேட்டால் நானும் வெண்பா மாதிரி ஒரு பெண் குழந்தையைத்தான் சொல்வேன்.

“அம்மாகிட்ட பேசுங்க க்ரிஷ். மனசை மாத்துங்க. நானும் பேசிப் பாக்கறேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. அதான் தேர்தல்.”

“மாறலேன்னா?”

“மாறலேன்னாலும் வருவேன்.”

அவர் வைத்துவிட்டார்.

நவம்பர் 2, சனி

ஜலஜா அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். வரி, விலைவாசி, பெண்கள், பள்ளிக்கூடம், விசா என்று எங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருக்கும் எல்லாவற்றையும், இல்லாத சிலவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளின் சிறந்த பிரச்சாரம். கேட்டுக்கொண்டார்.

“நல்லாப் பேசறே கண்ணு.”

“அப்போ யோசிக்கறீங்களா?”

“யோசிச்சுட்டேன். அவருக்குத்தான்.”

“ஏம்மா? ஒரு காரணம் சொல்லுங்க.”

“உங்காளு பேசறது இங்கிலீஷ் பரீட்சை மாதிரி இருக்குது. அவரு பேசறது புரியுது. அப்புறம் இன்னொண்ணு இருக்குது. அது எதுக்கு உனக்கு? உன்ற ஆளுக்கு ஏன் போட்டேன்னு நான் கேட்டனா?”

கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் நான் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 3, ஞாயிறு

ஆலயத்தில் போதகர் தேசத்துக்காகப் பொதுவாக ஜெபித்தார். நான் தனியாக ஜெபிக்கும்போது மாநிலத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். தெளிவாக இருப்பது நல்லது.

மாலையில் ஜலஜா அம்மாவோடு நேரம் குறித்தோம். செவ்வாய்க்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை எமகண்டம். மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். நடுவில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை குளிகை. காலையில் ஏழு மணிக்கே போய்விடலாமே என்றேன்.

“வேண்டாம். குளிகையில போவோம்.”

“அது நல்ல நேரமாம்மா?”

“குளிகையில எதைச் செஞ்சாலும் அது மறுபடி மறுபடி நடக்கும். அதான் அந்த நேரத்துல நகை வாங்குவாங்க. எழவுக்குப் போக மாட்டாங்க.”

எதிராளிக்கு மறுபடி மறுபடி. சரி. நாட்காட்டியை நான் நம்புகிறவள் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

விடுப்பு எடுத்துக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன்.

கிளம்பும்போது கிருபைராஜ் வாசல் வரை வந்து என் கையில் தன் கார்டைக் கொடுத்தார். “பெட்ரோல் போட்டுக்கோ” என்றார்.

லாங்ஹார்னில் கதவைத் திறந்தது க்ரிஷ். இன்று அவருக்கும் விடுப்பு. கதவு தட்டும் வேலையின் நடுவில் வந்திருந்தார். பனியன் அதேதான். ஜலஜா அம்மா பட்டுச் சேலையில் தயாராக இருந்தார். கைப்பையிலிருந்து உறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எந்த நிமிடமும் க்ரிஷ் கை நீட்டி அதை வாங்கிக்கொள்ளலாம். அம்மாவும் கொடுத்துவிடலாம். கொடுத்தே பழகியவர். நான் வாசலில் நின்று அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கட்டும் என்று என்னில் ஒரு பாதி காத்திருந்தது. சரியாகப் பாதி, பிழை வரம்புக்குள்.

க்ரிஷ் கொக்கியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தார். “வெளில குளிரும்மா. பாஸ்போர்ட் வெச்சுக்கிட்டீங்களா? முதல் தடவை போறவங்ககிட்ட ஐடி கேப்பாங்க.” என்னைப் பார்க்கவில்லை.

சாவடி ஒரு தீயணைப்பு நிலையம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசை போட்டிருந்தார்கள். வரிசையில் நின்றோம். ஜலஜா அம்மா எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டே வந்தார்.

“ஏங்கண்ணு, பூத் ஏஜென்ட்டு எங்கே? காலையில பெட்டியைத் தொறந்து காலின்னு காட்டினாங்களா?”

“காட்டியிருப்பாங்கம்மா.”

“மேசையை வாசலுக்கு நேராப் போட்டிருக்காங்க. கூட்டம் சேந்தா முட்டிக்கும். நானா இருந்தா அந்தப் பக்கம் போட்டிருப்பேன்.”

அலுவலர் உறையையும் சீட்டையும் வாங்கி, செல்லாது என்று எழுதி வைத்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டு என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள் ஜலஜா அம்மா “நோ” என்றார். அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

நான் தரையில் ஒட்டியிருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். தடுப்புக்குப் பின்னால் அவர் தலை மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். பிறகு சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து இயந்திரத்தில் விட்டார். அது உள்ளே இழுத்துக்கொண்டதும் திரும்பி என்னைத் தேடினார்.

வெளியே வரும்போது ‘நான் வாக்களித்தேன்’ என்ற ஒட்டுத்தாள் கொடுத்தார்கள். மை கிடையாதா என்று கேட்டார். கிடையாது என்றேன். ஒட்டுத்தாளை உரித்து இடது கை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டார்.

காரில் ஏறியதும் டிபன் பாக்ஸைத் திறந்து என் மடியில் வைத்தார். தயிர் சாதம், மாவடு. கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

“உனக்கு வருத்தமா கண்ணு?”

“ஆமாம்மா.”

“இருக்காதா பின்னே” என்றார். பிறகு விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

வீட்டில் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது க்ரிஷிடமிருந்து செய்தி. “போட்டாங்களா?”

“போட்டாங்க” என்று பதில் அனுப்பினேன். பிறகு அவருடைய தெருவுக்கு அடுத்த தெருவில் வண்டியை நிறுத்தி, சேனாபதி கொடுத்த பட்டியலை எடுத்துக்கொண்டு, இருட்டும் வரை கதவு தட்டினேன். நம்மவருக்காக. இருபத்தேழு கதவு. ஒன்பது திறந்தது. மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டேன்.

நவம்பர் 6, புதன்

தோற்றோம். பென்சில்வேனியா உட்பட.

கருத்துக்கணிப்புகள் எல்லாம் பிழை வரம்புக்குள் சரியாகத்தான் இருந்தன.

நவம்பர் 7, வியாழன்

கிருபைராஜ் ரசம் வைத்தார். “ஒத்தை ஓட்டால இல்ல லீலா” என்றார். எனக்குத் தெரியும். கூட்டல் கழித்தல் என் தொழில். ஆனாலும் அவர் சொல்ல வேண்டியிருந்தது.

நவம்பர் 9, சனி

க்ரிஷ் வாசலில் பலகையை இன்னும் எடுக்கவில்லை என்று ஜலஜா அம்மா சொன்னார். மூன்று நாளாக மகன் சரியாகச் சாப்பிடவில்லையாம். “செயிச்சவளும் நானு. சமைச்சுச் சமைச்சு வெச்சுட்டுக் கெஞ்சறவளும் நானு” என்றார்.

பிறகு அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்டார். மே மாதத்தில் உள்ளூர்த் தேர்தல், செவ்வாய்க்கிழமை என்றேன். இனி தபாலில் சீட்டு வேண்டாம் என்று க்ரிஷே எழுதிக் கொடுத்துவிட்டாராம். “அவனே கூட்டிட்டுப் போறேங்கறான். போற வழியெல்லாம் பிரச்சாரம் பண்ணுவான். பண்ணட்டும்.”

நம்மவர் கட்சிக்கு அடுத்த வருடத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஜூமில் பரிசீலனைக் கூட்டம். அறுபது வயதைக் கடந்தவர்களை ‘அம்மா’ என்று அழைத்ததன் பலன் குறித்துச் சேனாபதி அறிக்கை வாசித்தார். அழைப்புகளின் சராசரி நீளம் நான்கு மடங்கு கூடியிருக்கிறது. பாதியில் போனை வைத்தவர்கள் குறைந்திருக்கிறார்கள். தமிழ்க் குழுவின் அழைப்பால் முதல்முறையாக நேரில் சென்று வாக்களித்தவர்கள்: ஒருவர்.

அறிக்கை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.